பிக்கப்புக்கு கம்பெனி சர்வீசா, வெளிப் பட்டறையா? ஆயில் கம்பி பார்த்துத்தான் முடிவெடுத்தேன்

என் பழைய பிக்கப்பை ஒன்பது வருடம் ஓட்டினேன். வாரண்டி முடிந்ததுமே கம்பெனி சர்வீசுக்குக் கும்பிடு போட்டுவிட்டு, ஒட்டன்சத்திரத்தில் ஒரு பட்டறை அண்ணனிடம் விட்டுவிட்டேன். கடைசி வரை ஒரு குறை சொல்ல முடியாது. அதனால் 2021-இல் பிஎஸ்-6, அதாவது புதிய புகை விதிப்படி வந்த வண்டி எடுத்தபோதும் இலவச சர்வீஸ்கள் முடியட்டும், அப்புறம் அண்ணன்தான் என்று இருந்தேன். இன்றைக்கு ஆயில் சர்வீசுக்குக் கம்பெனி வாசலில்தான் நிற்கிறேன்.

வெளிப் பட்டறையின் நல்லதெல்லாம் எல்லோருக்கும் தெரிந்ததுதான். கூலி குறைவு, ராத்திரி பத்து மணிக்கும் ஆள் இருப்பார், நம் கண் முன்னாலேயே கழற்றி மாட்டுவார். கம்பெனியில் காலையில் விட்டால் சாயங்காலம்தான் கிடைக்கும், அதாவது ஒரு டிரிப் வாடகை போச்சு. போதாததற்கு நாம் கேட்காத இன்ஜின் ஃப்ளஷ்ஷையும் (இன்ஜின் உள்ளே கழுவுவது) பில்லில் ஏற்றப் பார்ப்பார்கள். வேண்டாம் என்று முன்கூட்டியே எழுதிக் கொடுத்துவிட வேண்டும். இதையெல்லாம் வைத்துப் பார்த்தால் பட்டறைதான் ஜெயிக்கும். ஆயில் விஷயம் மட்டும் இல்லை என்றால்.

2020 ஏப்ரல் 1-இல் பிஎஸ்-6 விதி வந்த பிறகு தயாரான டீசல் பிக்கப் என்றால் சைலன்சர் லைனில் டிபிஎஃப் என்று ஒரு வடிகட்டி இருக்கும். கரிப்புகையை அது பிடித்து வைத்துக்கொள்ளும். நிறைந்ததும் கொஞ்சம் டீசலைக் கூடுதலாக அடித்து, 600 டிகிரி அளவுக்குச் சூடேற்றி, கரியை எரித்துவிடும். கரி எரியும், ஆனால் இன்ஜின் ஆயிலில் கலந்திருக்கும் சில ரசாயனங்கள் விடும் சாம்பல் எரியாது, உள்ளேயே தங்கும். அதனால்தான் இந்த வண்டிகளுக்குச் சாம்பல் குறைந்த ஆயிலை, சிகே-4 தரம் மாதிரி, கையேட்டில் போட்டிருப்பார்கள். பழைய சிஐ-4 ஆயிலில் சாம்பலுக்கு வரம்பே கிடையாது. அண்ணன் எல்லா வண்டிக்கும் ஒரே டிரம்மில் இருந்து சிஐ-4-தான் ஊற்றுவார். என் வண்டிக்கும் ஒருமுறை அதுதான் ஊற்றினார், நானும் பார்த்துக்கொண்டுதான் நின்றேன்.

அந்த சமயம் மலை லோடு இல்லை. ஊருக்குள்ளேயே மார்க்கெட்டுக்கும் குடோனுக்கும் இரண்டு இரண்டு கிலோமீட்டர் ஓட்டம். மூன்று மாதம் கழித்து ஆயில் மட்டம் பார்க்கும் கம்பியை இழுத்துப் பார்த்தால் ஆயில் இம்மிகூடக் குறையவில்லை, மேல் கோட்டையும் தாண்டி நின்றது. "இன்ஜின் கில்லி மாதிரி இருக்கு தம்பி" என்றார் அண்ணன். எனக்கும் சந்தோஷம்தான், பழைய வண்டியில் ஆயில் குடிப்பதைப் பார்த்துப் பழகியவன் ஆச்சே! அடுத்த வாரம் கொடைக்கானலுக்கு லோடு ஏற்றிப் போனபோது பாதி மலையில் டேஷ்போர்டில் எச்சரிக்கை விளக்கு எரிந்தது, வண்டி இழுக்கவில்லை. கம்பெனியில் ஸ்கேனர் மாட்டிப் பார்த்துத்தான் சொன்னார்கள்: கரியை எரிக்க வண்டி ஆரம்பிக்கும்போதெல்லாம் நான் சாவியை அணைத்திருக்கிறேன். அதனால் கரி எரியாமல் வடிகட்டி அடைத்துக்கொண்டது. எரியாத டீசல் சிலிண்டர் சுவர் வழியாக இறங்கி ஆயிலில் கலந்திருக்கிறது. மட்டம் ஏறியது ஆயில் இல்லை, டீசல். அந்த நீர்த்த ஆயிலோடுதான் மலை ஏறியிருக்கிறேன்.

ஒரே ஒரு தடவை ஊற்றிய சிஐ-4 வடிகட்டியை அடைத்துவிட்டது என்று சொன்னால் அது பொய். சாம்பல் மெதுவாகத்தான் சேரும். பெரிய பங்கு என் குட்டி ஓட்டத்துக்குத்தான். ஆனால் மட்டம் ஏறினால் ஆபத்து என்பது பட்டறையில் இருந்த எங்கள் இருவருக்குமே தெரியவில்லை. வண்டியை நிறுத்தி வைத்தே வடிகட்டியில் இருக்கும் கரியை எரிக்க வைக்கும் கருவியும் அங்கே இல்லை. நல்லவேளை, வடிகட்டியை மாற்றும் அளவுக்குப் போகவில்லை. அதன் விலையைக் கேட்டுவிட்டு அங்கேயே பெஞ்சில் உட்கார்ந்துவிட்டேன். ஒவ்வொரு ஆயில் சர்வீசுக்கும் கம்பெனியில் எனக்கு ஏறக்குறைய இரண்டாயிரம் ரூபாய் கூடப் போகிறது, அதை நினைத்து இப்போது வயிறு எரிவதில்லை.

இன்னொன்று, கையேட்டில் இத்தனை கிலோமீட்டர் அல்லது இத்தனை மாதம், எது முதலில் வருகிறதோ அது என்று போட்டிருப்பதில் மாதத்தை யாரும் மதிப்பதில்லை. ஊருக்குள் ஓடும் வண்டிக்கு அதுதான் முக்கியம். கிலோமீட்டர் ஏறாது, ஆயில் மட்டும் கெட்டுக்கொண்டே இருக்கும். நான் குட்டி ஓட்டம் ஓட்டும் மாதங்களில் கெடுவுக்கு முன்னாலேயே மாற்றிவிடுகிறேன். வடிகட்டியில் கரி முழுசாக எரியட்டும் என்று வாரம் ஒருமுறை பழனி ரோட்டில் நிற்காமல் அரை மணி நேரம் ஓட்டிவிட்டும் வருகிறேன்.

கிரீஸ் அடிப்பது, ஸ்பிரிங் பட்டை, பிரேக் லைனர், புரொப்பல்லர் ஷாஃப்ட் கிராஸ் இதெல்லாம் இன்னமும் அண்ணனிடம்தான். லோடு வண்டியின் அடிப்பாகத்தை அவர் மாதிரி குனிந்து பார்க்க கம்பெனியில் ஆள் இல்லை, எஃப்.சி.க்கு (ஆர்.டி.ஓ. தகுதிச் சான்று) முன்னாலும் அங்கேதான் விடுவேன். பிஎஸ்-4 வண்டி வைத்திருப்பவர் இதைப் படித்துவிட்டு பட்டறையை மாற்ற வேண்டியதில்லை. புகையைச் சுத்தம் செய்ய யூரியா திரவம் ஊற்றும் வண்டி, சிஎன்ஜி வண்டி இரண்டும் நான் ஓட்டியதில்லை, அவற்றுக்கு என் கணக்கு பொருந்தாமல் போகலாம். விற்கும்போது கம்பெனி ரெக்கார்டு இருந்தால் விலை கூடக் கிடைக்கும் என்கிறார்கள், நான் இன்னும் விற்கவில்லை.

அண்ணன் இப்போது சிகே-4 கேன் இரண்டு தனியாக வாங்கி வைத்திருக்கிறார். ஸ்கேனரும் வாங்குங்கள், மறுபடியும் வந்துவிடுகிறேன் என்று சொல்லியிருக்கிறேன்.