38,500 ரூபாய் போச்சு: முதல் கதைத் தொகுப்பு போடப் போகிறவர்கள் தயவுசெய்து படிக்கவும்

நேற்று மதியம் பார்சல் ஆபீஸிலிருந்து போன். இரண்டு பெட்டி வந்திருக்கிறது, வந்து எடுத்துக்கொள்ளுங்கள் என்றார்கள். 300 புத்தகம் இரண்டு பெட்டியில் எப்படி அடங்கும் என்று அங்கேயே எனக்கு வயிற்றைக் கலக்கிவிட்டது. வீட்டுக்கு எடுத்து வந்து பிரித்து எண்ணினேன். மொத்தம் 60. நான் கொடுத்தது 38,500 ரூபாய்.

ராத்திரி முழுக்கத் தூங்கவில்லை. ஆத்திரத்தோடுதான் எழுதுகிறேன். என்னை மாதிரி முதல் புத்தகம் போட ஆசைப்படுகிறவர்கள் இதில் சிக்கக் கூடாது. எப்படித் தப்பிக்கலாம் என்பதைக் கடைசியில் விவரமாகச் சொல்கிறேன். பதிப்பகத்தின் பெயரைப் போடவில்லை. புகார் கொடுத்திருக்கிறேன், அது ஒரு வழிக்கு வரட்டும். எழுதுகிறவரிடமே பணம் வாங்கிக்கொண்டு புத்தகம் போட்டுத் தருகிற வகைப் பதிப்பகம். கடை கிடையாது, அலுவலகம் கிடையாது. ஒரு முகநூல் பக்கமும் ஒரு வாட்ஸாப் எண்ணும்தான்.

எனக்கு ஊர் கோவில்பட்டி. ஜவுளிக்கடையில் பில் போடுகிறேன். அம்மா தீப்பெட்டி ஆபீஸில் வேலை பார்த்தவர். அந்தப் பெண்களைப் பற்றித்தான் என் பதினோரு கதைகளும். இரண்டு கதை சிற்றிதழில் வந்திருக்கின்றன. எங்கள் வாசகர் வட்டத்தில் மாதம் ஒரு ஞாயிறு கூடிப் பேசுவோம். அங்கே ஜெராக்ஸ் எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்த கதைகளைப் புத்தகமாகக் கையில் கொடுக்க வேண்டும் என்பது மட்டும்தான் என் ஆசை. விருதுக்கோ வருமானத்துக்கோ நான் இதில் இறங்கவில்லை.

செப்டம்பரில் அந்தப் பக்கத்துக்கு எழுதிக் கேட்டேன். மறுநாள் சாயங்காலமே அந்தப் பதிப்பகத்தை நடத்துகிறவரே கூப்பிட்டார். “பசை காஞ்ச விரலோட அந்தப் பொம்பளை பிள்ளைக்குச் சோறு பிசையற இடத்துல அப்படியே நின்னுட்டேன் தங்கச்சி. நேத்துலேருந்து மனசுல ஓடிட்டே இருக்கு” என்றார். கதையைப் பற்றி அப்படி ஒருத்தர் முன்பின் தெரியாமல் கூப்பிட்டுப் பேசியது என் வாழ்க்கையில் அதுதான் முதல் தடவை. நான் சார், சார் என்று பேசினேன். “சார் எல்லாம் வேண்டாம்மா, அண்ணன்னு கூப்பிடு” என்றார். எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. போனை வைத்ததும் 20,000 ரூபாயை ஜி-பே பண்ணினேன். ரசீது கேட்கவே தோன்றவில்லை. அண்ணனிடம் யாராவது ரசீது கேட்பார்களா?

அவர் சொன்ன அந்தச் சோறு பிசைகிற வரி, என் கதையிலிருந்து முகநூலில் நானே போட்டிருந்த ஒரு பக்கத்தில் இருக்கிறது. அவர் படித்தது அந்த ஒரு பக்கம்தான். எப்படித் தெரியும் என்கிறீர்களா? நேற்று வந்த புத்தகத்தின் பின்னட்டையில் “காதலின் ஈரம் சொட்டும் கதைகள்” என்று போட்டிருக்கிறது. பதினோரு கதையில் ஒன்றுகூடக் காதல் கதை கிடையாது.

பத்து நாளில் மீதி 18,500 கேட்டார். அது அம்மா எடுத்த சீட்டுப் பணம். “புத்தகம் வந்தா எனக்கும் ஒண்ணு கொடு, வாசிச்சுக் காட்டு” என்றுதான் அம்மா கொடுத்தார். 300 பிரதி, 128 பக்கம், ஜனவரியில் சென்னையில் நடக்கும் புத்தகக் காட்சிக்கு முன்னால் கையில் இருக்கும் என்று பேச்சு. அச்சுக்கு 24,000, வடிவமைப்பும் மெய்ப்பும் 6,000, அட்டை 5,000, ஐ.எஸ்.பி.என். என்கிற புத்தக அடையாள எண்ணுக்கு 3,500, ஆக மொத்தம் 38,500. நம்பி எங்கள் வட்டத்தில் முன்பதிவும் வாங்கினேன். ஒரு பிரதி 150 ரூபாய் என்று 42 பேர் கொடுத்தார்கள். அதில் கல்லூரிப் பிள்ளைகள் இருக்கிறார்கள், பென்ஷனில் இருக்கும் ஒரு தமிழாசிரியர் இருக்கிறார்.

டிசம்பரில் ஆரம்பித்தது. பேப்பர் வரவில்லை. பிரஸ்ஸில் மெஷின் ரிப்பேர். பைண்டிங்குக்குப் போயிருக்கிறது. பைண்டர் ஊருக்குப் போய்விட்டார். ஒவ்வொன்றுக்கும் நான் “சரிண்ணா” என்றுதான் பதில் போட்டிருக்கிறேன். இப்போது அந்த மெசேஜ்களைப் படிக்கவே முடியவில்லை.

ஜனவரியில் “ஊருக்கு அனுப்ப நேரமில்லை, நேரா காட்சிக்கே வந்துடும், அரங்குல வச்சுக் கையெழுத்துப் போடு” என்றார். ஒரு அரங்கு எண்ணும் அனுப்பினார். லீவு போட்டுவிட்டு நானும் வட்டத்து அக்கா ஒருவரும் முத்துநகர் எக்ஸ்பிரஸில் அன்ரிசர்வ்டில் உட்கார்ந்து போனோம். நந்தனம் ஒய்.எம்.சி.ஏ. மைதானத்தில் அந்த அரங்கைத் தேடிக் கண்டுபிடித்தோம். பில் போடுகிற தம்பி கம்ப்யூட்டரில் தட்டிப் பார்த்துவிட்டு, “அப்படி ஒரு புத்தகமே எங்ககிட்ட இல்லையேக்கா” என்றார். அது வேறு பதிப்பகத்தின் அரங்கு. அவர்களுக்கு இவரைத் தெரியவே தெரியாது. போன் போட்டேன், கட் பண்ணினார். “மீட்டிங்கில் இருக்கிறேன்” என்று மெசேஜ். ஒரு மணி நேரம் கழித்து “வண்டி வந்துட்டே இருக்கு, நாளைக்கு வா” என்று இன்னொன்று. நாளைக்கு எங்கே தங்குவது? அக்கா ஒரு வார்த்தை சொல்லாமல் எனக்கு டீ வாங்கிக் கொடுத்தார். ராத்திரி எழும்பூரிலிருந்து திரும்பிவிட்டோம்.

அப்புறம் இரண்டு மாதம் நீல டிக் மட்டும்தான். வட்டத்துக் கூட்டத்துக்கும் நான் போகவில்லை. பணம் கொடுத்தவர்கள் முகத்தில் எப்படி விழிப்பது?

நேற்று வந்த 60-ஐயாவது கொடுக்கலாம் என்றால் அதற்கும் வழியில்லை. எழுத்துரு மாற்றியதில் கொ, தொ, பொ என்று வருகிற இடத்திலெல்லாம் கொம்பும் காலும் இடம் மாறிக் கிடக்கின்றன. அதைச் சரிபார்க்கத்தான் மெய்ப்பு என்று ஒன்று இருக்கிறது. நான்கு ராத்திரி உட்கார்ந்து 212 திருத்தம் குறித்து அனுப்பினேன். ஒன்றைக்கூடச் சேர்க்கவில்லை, பழைய ஃபைலையே அடித்திருக்கிறார்கள். பின்னட்டையில் இருக்கும் ஐ.எஸ்.பி.என். எண்ணை இணையத்தில் போட்டுத் தேடினால் ஒரு சமையல் புத்தகம் வருகிறது. அந்த எண்ணுக்குத்தான் 3,500 ரூபாய். இந்தியாவில் ஐ.எஸ்.பி.என். எண்ணை ராஜா ராம்மோகன் ராய் பெயரில் உள்ள தேசிய முகமை இலவசமாகக் கொடுக்கிறது, எழுதியவரே விண்ணப்பிக்கலாம் என்பது எனக்கு நேற்றுத்தான் தெரியும். 38,500-ஐ 60-ஆல் வகுத்தால் ஒரு புத்தகம் 641 ரூபாய். அட்டையில் போட்டிருக்கும் விலை 180.

சாயங்காலம் வேறு எண்ணிலிருந்து கூப்பிட்டேன், எடுத்தார். தங்கச்சி போய் ‘மேடம்’ ஆகியிருந்தது. “இப்பல்லாம் பிரிண்ட் ஆன் டிமாண்ட்தான் மேடம், ஆர்டர் வந்தா மீதி 240 அடிச்சுத் தருவோம்” என்றார். பணத்தைத் திருப்பிக் கொடுங்கள், நான் வேறு இடத்தில் போட்டுக்கொள்கிறேன் என்றேன். “ரைட்ஸ் எங்ககிட்ட இருக்கு, வேற எங்கயாவது போட்டா நோட்டீஸ் வரும்” என்று சொல்லி வைத்துவிட்டார்.

அக்டோபரில் ஒரு பக்கத்தில் ஒப்பந்தம் என்று அனுப்பியிருந்தார். வாசிக்காமல் கையெழுத்துப் போட்டு அனுப்பினேன். உரிமை முழுவதும் பதிப்பகத்துக்கு என்று அதில் இருக்கிறது, எத்தனை வருடம் என்று இல்லை. தெரிந்த வக்கீல் அக்காவிடம் காட்டினேன். காலம் எழுதாவிட்டால் 1957 பதிப்புரிமைச் சட்டப்படி 5 ஆண்டு என்றுதான் எடுத்துக்கொள்வார்கள் என்றார். ஐந்து வருடம்! என் அம்மாவின் கதைகள் அந்த ஆளிடம்.

விவரமாகச் சொல்வதாகச் சொன்னேன், எழுத எழுத ஆத்திரம்தான் வருகிறது. முக்கியமானதை மட்டும் சொல்லிவிடுகிறேன். தனி ஆளின் ஜி-பே எண்ணுக்குப் பணம் போடாதீர்கள். ஐ.எஸ்.பி.என்.-க்குப் பணம் கேட்டால் அங்கேயே விலகிவிடுங்கள். எத்தனை பிரதி, எந்தத் தேதி, உரிமை எத்தனை வருடம் என்று எழுத்தில் இல்லாமல் கையெழுத்துப் போடாதீர்கள். மெய்ப்புப் பார்த்த கடைசி ஃபைலையும் ஒரு மாதிரிப் பிரதியையும் பார்க்காமல் மொத்தப் பணத்தையும் கொடுக்காதீர்கள். அவர்களிடம் ஏற்கெனவே புத்தகம் போட்ட இரண்டு பேரிடமாவது பேசுங்கள். நான் பேசவில்லை. ஏமாந்துவிட்டால் மெசேஜ் எதையும் அழிக்காதீர்கள், நுகர்வோர் உதவி எண் 1915-க்குக் கூப்பிடுங்கள். இன்று காலை நான் பதிவு செய்துவிட்டேன்.

முன்பதிவு செய்த 42 பேருக்கும்: இந்தப் பிரதியை உங்கள் யார் கையிலும் கொடுக்க மாட்டேன். 6,300 ரூபாயையும் இந்தச் சம்பளத்தில் திருப்பித் தருகிறேன். 19 பேர் கூட்டத்தில் கையில் கொடுத்தீர்கள், உங்கள் ஜி-பே எண் என்னிடம் இல்லை. எனக்கு ஒரு மெசேஜ் போடுங்கள்.