லேக் ஃபோர்க் ஏரியில் ஐந்து பருவங்கள்: இறகு கட்டிய ட்ரெபிள் ஹூக் அனுபவம்

டெக்சாஸின் டாலஸ் நகரை ஒட்டி வசிக்கும் நான், கடந்த ஐந்து ஆண்டுகளாக, மே முதல் அக்டோபர் வரை மாதத்தில் இரண்டு மூன்று விடியற்காலைகளையேனும் கிழக்கே உள்ள லேக் ஃபோர்க் நீர்த்தேக்கத்தில் கழித்து வருகிறேன். 1980இல் இந்த நீர்த்தேக்கம் உருவானபோது வெட்டாமல் விடப்பட்ட மரங்கள் இன்றும் பட்ட மரங்களாக நீருக்குள் நிற்கின்றன. அவற்றின் இடையே ஹைட்ரில்லா என்னும் நீர்ச்செடி படர்ந்திருக்கும். லார்ஜ்மவுத் பாஸ் மீனுக்குப் பெயர்போன ஏரி இது. டெக்சாஸின் மாநிலச் சாதனையான 18.18 பவுண்டு மீன் 1992இல் இங்கேதான் பிடிபட்டது. நீர்மட்டத்தில் மிதக்கும் செயற்கை இரைகளின் வால் பக்கத்தில் இறகு கட்டிய ட்ரெபிள் ஹூக்கை (மூன்று கொக்கிகள் ஒன்றாகச் சேர்ந்த தூண்டில் முள்) பூட்டுவதால் உண்மையிலேயே பயன் உண்டா என்ற கேள்விக்கு, இந்த ஏரியில் நான் கண்டதை வைத்து விடை சொல்ல முயல்கிறேன்.

நான் அதிகம் வீசுவது ரெபெல் நிறுவனத்தின் பாப்-ஆர் என்ற பாப்பர்; சுண்டி இழுத்தால் சத்தத்தோடு நீரைத் தெறிக்கவிடும் மிதக்கும் இரை. ஆறு சென்டிமீட்டருக்குச் சற்று மேற்பட்ட நீளமும் ஏழு கிராம் எடையும் கொண்ட அந்த இரையின் வாலில் இறகு கட்டிய முள்தான் கடையிலிருந்து வரும்போதே இருக்கும். முதல் பருவத்தில் அதை வெறும் அலங்காரம் என்று கருதி, முள்ளை இரையோடு இணைக்கும் ஸ்பிளிட் ரிங் என்ற சிறு வளையத்தைத் திறந்து கழற்றிவிட்டுச் சாதாரண ட்ரெபிளை மாட்டினேன். மீன் வராமல் இல்லை. ஆனால், இரையின் பின்னால் நீர் குழிந்து சுழலும், இரையோ அசையாமல் கிடக்கும்; மீன் வந்து பார்த்துவிட்டுத் திரும்பிவிட்டது என்பது தெளிவாகத் தெரியும். ஒரே காலையில் நான்கைந்து முறை இப்படி நேர்ந்த நாட்கள் உண்டு. இரண்டாம் பருவத்தில் கழற்றி வைத்திருந்த இறகு முட்களையே மீண்டும் பூட்டினேன். வந்து திரும்பும் மீன்கள் அடியோடு நின்றுவிடவில்லை என்றாலும், கண்கூடாகக் குறைந்தன.

காரணம் எனக்குப் புரிந்தது ஒரு செப்டம்பர் காலையில். காற்றே இல்லை. பட்ட மரம் ஒன்றின் அடியில் பாப்பரை வீசி, இரு முறை சுண்டிவிட்டு, நீர் வளையங்கள் அடங்கும்வரை காத்திருந்தேன். படகிலிருந்து மூன்று மீட்டர் தொலைவில் கிடந்ததால் எல்லாமே தெளிவாகத் தெரிந்தது. சுண்டும்போது ஈர நூல்போல ஒட்டிக்கொண்டிருந்த வெள்ளை இறகுகள், இரை நின்றதும் மெல்லப் பிரிந்து, குடை விரிவதுபோல விரிந்தன. பாப்பர் கட்டைபோல அசையாது கிடக்க, வால் மட்டும் உயிருள்ள குஞ்சு மீனின் துடுப்பாக அலைந்தது. அந்த அசைவின்போதுதான் கீழிருந்து ஒரு நிழல் எழுந்து, சத்தமே இல்லாமல் அதை உறிஞ்சிக்கொண்டது. இறகின் வேலை இரை ஓடும்போது நடப்பதில்லை, நிற்கும்போதுதான் நடக்கிறது என்பதை அன்று கற்றேன். ஆகவே, நிறுத்தாமல் வேகமாகச் சுண்டி இழுப்பவர்கள் இதற்குக் கூடுதல் பணம் கொடுக்க வேண்டியதில்லை என்பது என் உறுதியான கருத்து.

இன்னொரு பயனும் உண்டு. நனைந்த இறகு சிறிய நங்கூரம்போல நீரைப் பற்றிக்கொள்வதால், ஒரு சுண்டலுக்கு இரை முன்னேறும் தூரம் குறைகிறது; மீன் பதுங்கியிருக்கும் மரத்தடியிலேயே இரையை நெடுநேரம் வைத்திருக்க முடிகிறது. இதே இயல்புதான் வேறோர் இடத்தில் குறையாகவும் மாறுகிறது. ஹெடன் ஸாரா ஸ்பூக் போன்று இடமும் வலமுமாகச் சறுக்கி நடக்க வேண்டிய நீண்ட இரைகளில் இறகு முள்ளைப் பூட்டியபோது சறுக்கல் குறுகி, நடை தளர்ந்தது. இரு பருவங்கள் பொறுத்துப் பார்த்துவிட்டு, அவற்றுக்குச் சாதாரண முள்ளையே திரும்பப் பூட்டினேன். எதிர்காற்றில் வீசும்போதும் இறகு தூரத்தைக் குறைக்கிறது.

கடையில் தனியாக விற்கும் இறகு முட்களில் தரம் ஒரே சீராக இல்லை. நான் வாங்கிய ஒரு பொதியில் இரண்டாம் நாளே நூல் அவிழ்ந்து இறகுகள் உதிர்ந்தன. முடிச்சின் மேல் பசை பூசப்படவே இல்லை. அதன் பிறகு நானே கட்டத் தொடங்கினேன். டெக்சாஸைச் சேர்ந்த தொழில்முறைப் போட்டியாளர் ஸெல் ரோலண்ட், பாப்-ஆரின் உடலை உப்புத்தாளால் தேய்த்து மெலிதாக்கி, இறகையும் தம் கையாலேயே கட்டிப் புகழ்பெற்றவர். அவரைப் பற்றி அறிந்ததும் எனக்கு ஊக்கமாக அமைந்தது. சேவலின் முதுகுப் பக்கத்து நீண்ட இறகுகள் ஆறு எடுத்து, மூன்று கொக்கிகளுக்கு நடுவே ஒவ்வொரு இடைவெளிக்கும் இரண்டாக, பளபளப்பான புறங்கள் உள்நோக்கி இருக்குமாறு வைத்துக் கட்டினால், அவை வெளிப்புறமாக வளைந்து நன்றாக விரிகின்றன. மாற்றி வைத்துக் கட்டினால் கூம்பிவிடும். மாரபூ என்று விற்கப்படும் வான்கோழியின் மென்னிறகு நீரில் இன்னும் அழகாக அலைந்தாலும், நான்கைந்து மீன்களுக்குள் கிழிந்துவிடுகிறது. நிறத்தைப் பற்றி நான் முன்பு மிகவும் கவலைப்பட்டேன்; இப்போது நீளத்தைப் பற்றியே கவலைப்படுகிறேன். முள்ளின் வளைவைத் தாண்டி இரண்டு சென்டிமீட்டருக்கு மேல் இறகு நீண்டால், மீன் இறகை மட்டும் கடித்துவிட்டுப் போய்விடுகிறது.

இந்த ஏரியில் 16 அங்குலத்துக்கு மேலும் 24 அங்குலத்துக்குக் கீழும் உள்ள பாஸ் மீன்களை நீரிலேயே விட்டுவிட வேண்டும் என்பது விதி. எனவே, கட்டி முடித்ததும் மூன்று கொக்கிகளின் எதிர்முள்ளையும் (மீன் நழுவாமல் தடுக்க நுனியருகே பின்னோக்கி நீளும் சிறு கூர்) குறட்டால் அழுத்தித் தட்டையாக்கிவிடுகிறேன். இறகைக் குறிவைக்கும் மீன் பெரும்பாலும் வால் முள்ளிலேயே, வாயோரத்தில் மாட்டுவதால், அதைச் சேதமின்றி விடுவிப்பது எளிது. எதிர்முள் இல்லாததால் தப்பிய மீன்கள் சில உண்டு. அதை நான் இழப்பாகக் கருதவில்லை.

பராமரிப்பில் நான் செய்த பெரிய தவறு, ஈர இறகோடு இரைகளைப் பெட்டிக்குள் மூடி வைத்தது. இறகு ஈரத்தைப் பிடித்து வைத்திருக்கும். பத்து நாள் கழித்துத் திறந்தபோது மூன்று ட்ரெபிள்கள் துருப்பிடித்திருந்தன. வெள்ளை இறகுகள் பழுப்பேறி, பக்கத்திலிருந்த இரையின் வயிற்றிலும் கறை ஏறியிருந்தது. இப்போது வீடு திரும்பியதும் நல்ல நீரில் அலசி, இறகுகளை விரலால் நீவிச் சீராக்கி, ஓர் இரவு முழுவதும் கொடியில் தொங்கவிட்ட பிறகே பெட்டியில் வைக்கிறேன். அப்படிக் காயவைத்த முட்கள் ஒரு பருவம் முழுவதும் தாங்குகின்றன. ஆனாலும் ஏப்ரல் இறுதியில், மீன் பிடிக்கத் தொடங்குமுன், எல்லா இறகுகளையும் வெட்டியெறிந்துவிட்டுப் புதிதாகவே கட்டுகிறேன்.