ஒன்றேகால் கிலோ பிளேட்: எடைப் பயிற்சியில் மூன்றாவது வருடம்

எடைப் பயிற்சி தொடங்கியபோது எனக்கு 43 வயது. வேலூரில் அலுவலக வேலை, நாள் முழுக்க நாற்காலி. விளையாட்டுப் பழக்கம் எதுவும் கிடையாது. இந்த வயதில் ஒரு பெண் ஜிம்முக்குப் போனால் இளைக்கத்தான் போகிறாள் என்று எல்லோரும் முடிவு கட்டிவிடுகிறார்கள். எனக்கு வேண்டியிருந்தது வலு. 20 லிட்டர் தண்ணீர் கேனைத் தூக்கிக் கவிழ்க்கவும், 26 கிலோ அரிசி மூட்டையை வாசலிலிருந்து சமையலறைக்குக் கொண்டுபோகவும் யாரையும் கூப்பிடக் கூடாது என்று நினைத்தேன். இப்போது மூன்றாவது வருடம் நடக்கிறது. இவ்வளவு நாளில் எனக்கு உண்மையில் வேலை செய்தவை நாலைந்து பயிற்சிகள், ஒரு நோட்டு, இரண்டு ஜோடி சின்ன பிளேட்டுகள் (இரும்பு ராடின் இரு முனையிலும் மாட்டும் எடைத் தட்டுகள்). மற்றதெல்லாம் இருந்தால் நல்லது, இல்லாவிட்டாலும் குறையில்லை.

முதலில் சேர்ந்த ஜிம் எனக்குச் சரிப்படவில்லை. பெண்கள் வந்தால் டிரெட்மில்லில் அரை மணி, சைக்கிளில் கால் மணி, பிறகு இரண்டு கிலோ டம்பெல்லைக் கையில் கொடுத்து இருபது முப்பது தடவை ஆட்டச் சொல்வார்கள். மாதக்கணக்கில் அதே இரண்டு கிலோ. கூடவே பவுடர் டப்பா வாங்கச் சொல்லி நச்சரிப்பு. நான் மாறிப்போன இடம் தகரக் கூரை போட்ட சின்ன ஜிம். ஏசி கிடையாது, மே மாதத்தில் வேலூர் வெயில் என்னவென்று அங்கே நன்றாகத் தெரியும். ஆனால் அங்கிருந்த மாஸ்டர் எடை தூக்கும் போட்டிகளில் பங்கெடுத்தவர். எங்கள் ஊரில் இந்த விளையாட்டுக்கு ஒரு வேர் உண்டு. 2014 கிளாஸ்கோவிலும் 2018 கோல்ட் கோஸ்ட்டிலும் காமன்வெல்த் தங்கம் வாங்கிய சதீஷ் சிவலிங்கம் வேலூர்க்காரர்தான். போட்டிக்குத் தயார் செய்த கண்ணுள்ள ஒருவர் பக்கத்தில் நிற்பது எவ்வளவு பெரிய உதவி என்று முதல் வாரமே தெரிந்தது. "அக்கா, முட்டி உள்ளே போகுது, வெளியே தள்ளுங்க" என்று ஒரே வரியில் சரிசெய்துவிடுவார். ஜிம் தேடுபவர்களுக்கு என் முதல் யோசனை இது: மெஷின்களை எண்ணாதீர்கள். அங்கே வருகிற பெண்கள் ராடு பிடிக்கிறார்களா என்று பாருங்கள்.

திட்டம் மிக எளிமையானது. வாரம் மூன்று நாள், நடுவில் ஒரு நாளாவது ஓய்வு. ஒரு நாள் ஸ்குவாட் (தோளில் ராடோடு உட்கார்ந்து எழுவது), பெஞ்ச் பிரஸ் (மல்லாந்து படுத்து ராடை மேலே தள்ளுவது), ரோயிங் (குனிந்து நின்று ராடை வயிற்றுப் பக்கம் இழுப்பது). அடுத்த நாள் ஸ்குவாட், தலைக்கு மேல் தூக்கும் ஷோல்டர் பிரஸ், டெட்லிஃப்ட் (தரையில் கிடக்கும் ராடைத் தூக்கி நிமிர்வது). இப்படி மாறி மாறி. ஒவ்வொன்றிலும் வார்ம்அப் முடிந்ததும் ஐந்து ரெப்ஸ் (தடவை) வீதம் மூன்று செட், டெட்லிஃப்ட் மட்டும் ஒரே செட். செட்டுக்கு நடுவே இரண்டு மூன்று நிமிடம் உட்கார்ந்து மூச்சு வாங்குவேன். இந்த ஓய்வைப் பார்த்து "சும்மா உட்கார்ந்திருக்கீங்களே" என்று கேட்டவர்கள் உண்டு. வலுவுக்குப் பயிற்சி செய்யும்போது அந்த ஓய்வும் பயிற்சியில் சேர்ந்ததுதான். தினம் ஒரு புதுப் பயிற்சி செய்தால் சலிக்காது என்பார்கள். உண்மைதான். ஆனால் போன வாரத்தைவிட இந்த வாரம் வலு கூடியிருக்கிறதா என்று அப்புறம் எதை வைத்துச் சொல்வது?

இனி பிளேட் விஷயம். புதிதாக வருபவர்களிடம் யாரும் இதைச் சொல்வதில்லை, அதனால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

போட்டியில் ஆண்கள் பயன்படுத்தும் ராடு 20 கிலோ, பெண்களுடையது 15 கிலோ. சாதாரண ஜிம்களில் கிடக்கும் சின்ன ராடுகள் எந்த எடையிலும் இருக்கலாம், அவற்றில் எதுவும் எழுதியிருக்காது. அதனால் எடை பார்க்கும் மெஷினில் ராடை வைத்துப் பார்த்துவிடுங்கள். எங்கள் ஜிம்மின் சின்ன ராடு 8 கிலோ. நான் அதில்தான் தொடங்கினேன், வெறும் ராடு. ஸ்குவாட்டில் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை ஐந்து கிலோ கூட்டினோம், மூன்று மாதத்தில் 38 கிலோ ஆயிற்று. ஷோல்டர் பிரஸ் அப்படி ஏறாது. அங்கிருந்த மிகச் சிறிய பிளேட் இரண்டரை கிலோ. பக்கத்துக்கு ஒன்று போட்டால் ஒரேயடியாக 5 கிலோ. எட்டிலிருந்து பதிமூன்று வந்துவிட்டேன். பதிமூன்றிலிருந்து பதினெட்டு போ என்றால் தோள் கேட்குமா?

ஒன்றேகால் கிலோ பிளேட் ஒரு ஜோடி நானே வாங்கினேன். அதிலும் கணக்கைப் பாருங்கள். ஸ்குவாட்டில் 38 கிலோவுக்கு மேல் இரண்டரை கிலோ என்பது பதினைந்தில் ஒரு பங்கு. பிரஸ்ஸில் 13 கிலோவுக்கு மேல் அதே இரண்டரை கிலோ கிட்டத்தட்ட ஐந்தில் ஒரு பங்கு. ஏறிய எடை ஒன்றுதான், உடம்புக்கு அது ஒன்றல்ல. பிறகு அரை கிலோ பிளேட்டும் ஒரு ஜோடி சேர்ந்தது. 13, 14, 15.5 என்று மெல்ல நகர்ந்து இன்று 21.5 கிலோவில் நிற்கிறேன். பெண்களுக்கு மேல் உடம்பில் வலு ஏறாது என்று சொல்பவர்கள் பெரும்பாலும் சின்ன பிளேட் இல்லாத ஜிம்மில் இருப்பவர்கள் என்பது என் எண்ணம். வாங்கும்போது துளையின் அளவைப் பார்த்து வாங்குங்கள். சின்ன ராடுகளின் முனை 28 மில்லிமீட்டர் அளவில் இருக்கும், பெரிய ராடின் முனை 50 மில்லிமீட்டர். ஒன்றுக்கு வாங்கியது இன்னொன்றில் சரியாக உட்காராது.

நம் ஊர்களில் இளவட்டக்கல் தூக்கியவர்கள் இருந்தார்கள். கர்லாக்கட்டை, தண்டால், பஸ்கி எல்லாம் நம்முடையவைதான், இன்றும் மதிப்புள்ளவைதான். ஆனால் கல்லில் கால் கிலோ கூட்ட முடியாது, குறைக்கவும் முடியாது. அளந்து ஏற்றும் முறையை மருத்துவத்துக்குள் கொண்டுவந்தவர்களில் முக்கியமானவர் தாமஸ் டிலோர்ம் என்ற அமெரிக்க ராணுவ மருத்துவர். 1940களில், போரில் அடிபட்டு மூட்டு பலவீனமாகிவிட்ட சிப்பாய்களுக்கு, தூக்க முடிந்த எடையில் தொடங்கி வாரா வாரம் அதைக் கூட்டிக்கொண்டே போனார். அப்படிப்பட்ட நோயாளிகளுக்கே பொருந்திய முறை என்பதால்தான் எனக்கும் துணிச்சல் வந்தது.

நோட்டில் நான் எழுதுவது தேதி, பயிற்சி, எடை, ரெப்ஸ். தூக்கம் கெட்டிருந்தாலோ மாதவிலக்கு நாளாக இருந்தாலோ ஓரத்தில் ஒரு குறி. எனக்கு மாதவிலக்கின் முதல் இரண்டு நாள் டெட்லிஃப்ட் இறங்கும், நாலாம் நாள் தானாகத் திரும்பிவிடும். இதை நோட்டுதான் காட்டிக்கொடுத்தது. இப்போது அந்த நாட்களில் எடையைக் குறைத்துக்கொள்கிறேன், ஆனால் போகாமல் இருப்பதில்லை.

டெட்லிஃப்ட்டில் இன்னொரு சின்ன விஷயம் உண்டு. போட்டிக்கான பெரிய பிளேட்டின் விட்டம் 45 சென்டிமீட்டர், அதை மாட்டினால் ராடு தரையிலிருந்து இருபத்திரண்டரை சென்டிமீட்டர் உயரத்தில் இருக்கும். தொடங்குபவர் போடும் ஐந்து கிலோ, பத்து கிலோ இரும்பு பிளேட் சின்னது. ராடு கணுக்காலுக்குப் பக்கத்தில் கிடக்கும், அதைப் பிடிக்கக் குனியும்போதே முதுகு வளைந்துவிடும். மாஸ்டர் இரண்டு பக்கமும் மரக்கட்டை வைத்து உயர்த்திக் கொடுத்தார். கட்டை இல்லாத இடத்தில் பெரிய பிளேட்டுகளைப் படுக்கப்போட்டு அவற்றின் மேல் வைக்கலாம். காலுக்குத் தட்டையான கேன்வாஸ் ஷூ போதும். ஓடுவதற்கான மெத்து மெத்தென்ற ஷூவில் எடையோடு நின்றால் பாதம் ஆடும்.

உடம்பு வலி வரும். முதல் நாளைவிட இரண்டாம் நாள் அதிகம், மாடிப்படி இறங்குவது கஷ்டமாக இருக்கும். இரண்டு மூன்று வாரத்தில் அடங்கிவிடும். சதையில் பரவலாக இருக்கும் அந்த வலியும், மூட்டில் ஒரே இடத்தில் சுருக்கென்று குத்தும் வலியும் வேறு வேறு. இரண்டாவது வந்தால் அன்றைக்கு நிறுத்திவிட வேண்டும்.

முதல் சில மாதம் தூக்கும் எடை வேகமாக ஏறும், ஆனால் கண்ணாடியில் ஒன்றும் தெரியாது. அந்தக் கட்டத்தில் பெரும்பாலும் நரம்புகள்தான் தசையை முழுதாக வேலை வாங்கக் கற்றுக்கொள்கின்றன, சதை பிறகுதான் கூடும். என்னோடு சேர்ந்த பலர் இதற்குள் நின்றுவிட்டார்கள் என்பதில் எனக்கு இன்னும் வருத்தம் உண்டு. அவர்கள் எடை மெஷினைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். இத்தனை காலத்தில் என் உடல் எடையும் 62 கிலோவிலிருந்து பெரிதாக நகரவில்லை. ரவிக்கையின் இடுப்பு தளர்ந்தது, தோளில் இறுகியது. ஸ்குவாட் 55 கிலோ, டெட்லிஃப்ட் 75 கிலோ. சிலிண்டரில் கேஸ் மட்டுமே 14.2 கிலோ, இரும்போடு சேர்த்தால் 30 கிலோ வரும். அதைப் படியேற்ற இப்போது நானே போதும்.

சாப்பாட்டில் நான் மாற்றியது புரதம் மட்டும். நம் நாட்டு ஐசிஎம்ஆர் (இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம்) பரிந்துரை உடல் எடையில் கிலோவுக்கு 0.83 கிராம். என் எடைக்கு அது 51 கிராம். எடைப் பயிற்சி செய்பவர்களுக்கு 1.6 கிராம் வரை பலன் உண்டு என்று ஆய்வுகள் சொல்கின்றன. நான் 80 கிராம் பக்கம் வைத்துக்கொண்டேன். இரண்டு முட்டை 12 கிராம், 30 கிராம் மீல் மேக்கர் 15 கிராம், சாயங்காலம் ஒரு கிண்ணம் கொண்டைக்கடலை சுண்டல், கூடுதல் பருப்பு, தயிர். சோற்றிலும் கொஞ்சம் இருக்கிறது. பவுடர் தேவைப்படவில்லை.

நடுவில் அம்மாவுக்கு அறுவை சிகிச்சை, சில மாதம் ஜிம் பக்கமே போகவில்லை. திரும்பி வந்தபோது பழைய எடையில் பாதியில் தொடங்கினேன். முதல் தடவை ஏற எடுத்த காலத்தில் சிறு பங்கிலேயே பழைய இடத்துக்கு வந்துவிட்டேன். ஒரு தடவை பழகிய தசை மறுபடி சீக்கிரம் திரும்பும். குழந்தை, பெரியவர்கள், திருவிழா, காய்ச்சல் என்று இடைவெளி விழத்தான் செய்யும், அதற்குப் பயந்து தொடங்காமல் இருக்க வேண்டாம்.

எலும்புக்காக எனக்கு இதில் தனி அக்கறை. மாதவிடாய் நின்ற பிறகு எலும்பு மெலிவது பற்றி நம் வீடுகளில் விழுந்து இடுப்பு முறிந்த பிறகுதான் பேசுகிறோம். ஆஸ்திரேலியாவில் எலும்பு அடர்த்தி குறைந்த, மாதவிடாய் நின்ற பெண்களை வைத்து ஓர் ஆய்வு நடந்தது, 2018இல் வெளியானது. வாரம் இரண்டு நாள், அரை அரை மணி நேரம், கண்காணிப்பில் டெட்லிஃப்ட், ஸ்குவாட், பிரஸ் எல்லாம் கனமாகவே செய்தார்கள். எட்டு மாதத்தில் முதுகெலும்பின் அடர்த்தி கூடியது. "வயசானவங்க கனமா தூக்கக் கூடாது" என்று யாராவது சொன்னால் நான் இதைத்தான் சொல்வேன். கண்காணிப்பு என்ற வார்த்தையையும் சேர்த்தே சொல்வேன்.

தொடங்கும் முன் ரத்த அழுத்தம் பார்த்துவிடுங்கள். கனமாகத் தூக்கும்போது மூச்சை அடக்கினால் அது சட்டென்று ஏறும், ஏற்கெனவே கூடுதலாக இருப்பவர்கள் டாக்டரிடம் கேட்டுவிட்டு வருவது நல்லது. பிரசவமான பெண்களில் சிலருக்கு எடை தூக்கும்போது சிறுநீர் கசியும். வெட்கப்பட்டு நின்றுவிடுகிறார்கள். இடுப்புத் தளத் தசைகளுக்கென்று தனிப் பயிற்சிகள் உண்டு, பிசியோதெரபிஸ்ட் சொல்லிக்கொடுப்பார். எங்கள் ஜிம்மிலேயே அப்படிச் சரிசெய்துகொண்டு திரும்பி வந்தவர் இருக்கிறார்.

பக்கத்தில் நல்ல ஜிம் இல்லாதவர்கள் முதல் சில மாதத்தை வீட்டிலேயே ஓட்டலாம். நாற்காலியில் உட்கார்ந்து எழுவதுபோல் ஸ்குவாட், சுவரிலும் பிறகு திண்ணையிலும் கை ஊன்றித் தண்டால், தோள்பையில் அரிசி பாக்கெட்டுகளை அடுக்கி ரோயிங். ஒவ்வொரு வாரமும் பையில் அரை கிலோ பாக்கெட் ஒன்றைக் கூட்டி, எத்தனை தடவை செய்தீர்கள் என்று நோட்டில் எழுதுங்கள். பை போதாமல் போகும்போது ராடு இருக்கும் இடத்தைத் தேடிப் போகலாம்.