காரில் சப்வூஃபர் மாட்டப் போகிறீர்களா? என் 38,500 ரூபாய் போன கதையைப் படித்துவிட்டுப் போங்கள்

"மாட்டின பொருளைத் திருப்பி எடுக்கிற பழக்கம் நம்ம கடையில இல்லைங்கண்ணா."

நேற்று சாயங்காலம் எனக்குக் கிடைத்த கடைசிப் பதில் இது. சொல்லிவிட்டுக் கடைக்காரர் அடுத்த வண்டிக்காரரிடம் திரும்பிக்கொண்டார். என் பணம் 38,500 ரூபாய் அவர் கல்லாவில் இருக்கிறது. ஆத்திரம் அடங்குவதற்குள் எழுதிவிட வேண்டும் என்று உட்கார்ந்திருக்கிறேன். கார் ஆடியோ வேலைக்கு வண்டியை விடும் முன் என்னென்ன பார்க்க வேண்டும் என்று கடைசியில் விவரமாகச் சொல்கிறேன். முதலில் நடந்தது.

கோயம்புத்தூரில் ஒரு கார் ஆக்சசரீஸ் கடை. பெயர் போடவில்லை, புகார் கொடுக்கப் போவதால் இப்போதைக்கு வேண்டாம். சீட் கவர், ரிவர்ஸ் கேமரா, ஆடியோ என்று எல்லாம் ஒரே இடத்தில் செய்துகொடுக்கும் வகைக் கடை. வாசலில் எந்நேரமும் நாலைந்து வண்டி நிற்கும். இந்த மாதிரிக் கடை உங்கள் ஊரிலும் இருக்கும்.

என்னுடையது பழைய ஹேட்ச்பேக். கம்பெனி ஸ்டீரியோ, நாலு கதவிலும் கம்பெனி ஸ்பீக்கர். பாட்டு கேட்கலாம், ஆனால் தவிலின் தொப்பிப் பக்கமும் உறுமியும் வருகிற இடத்தில் வெறும் தட்டல்தான் கேட்கும். கதவில் இருக்கிற சின்ன ஸ்பீக்கரால் அவ்வளவு கீழே இறங்க முடியாது. அந்தக் கீழ்ச் சுரம் வேண்டும் என்பதற்காகத்தான் சப்வூஃபர். வண்டி அதிர வேண்டும், தெரு திரும்பிப் பார்க்க வேண்டும் என்ற ஆசையெல்லாம் எனக்குக் கிடையாது. இதையும் கடைக்காரரிடம் தெளிவாகச் சொன்னேன்.

நான் அவரை நம்பிய இடத்தைச் சொல்ல வேண்டும், ஏனென்றால் நாளைக்கு நீங்களும் அங்கேதான் நம்புவீர்கள். கூட அம்மாவும் வந்திருந்தார். போனதும் அம்மாவுக்கு நாற்காலி போட்டு, ஃபேனை அவர் பக்கம் திருப்பி வைத்து, டீ சொன்னார். போர்டில் 60,000 ரூபாய்க்கு ஒரு செட் மாட்டியிருந்தது. அதைக் காட்டி விலை கேட்டேன். "அது உங்க வண்டிக்கு வேண்டாங்கண்ணா, காசை எதுக்கு வீணாக்கறீங்க? இந்தச் செட்டே போதும்" என்று 12 இன்ச் சப்வூஃபரும் பெட்டியும் 2 சேனல் ஆம்ப்ளிஃபயரும் காட்டினார். விலை கூடின பொருளை வேண்டாம் என்று சொல்கிற வியாபாரியை யார்தான் சந்தேகப்படுவார்கள்? ஒயரை எடுத்து என் கையில் கொடுத்து, "பியூர் காப்பர், கனத்தைப் பாருங்க" என்றார். தெரிந்தவர் ஒருவரின் வண்டியில் ஆம்ப் மாட்டிய பிறகு இன்ஜின் இரைச்சல் ஸ்பீக்கரில் வருவதைக் கேட்டிருக்கிறேன். அதனால், "இன்ஜின் சத்தம் உள்ளே வராதுல்ல?" என்று கேட்டேன். நெஞ்சில் கை வைத்துக்கொண்டு சொன்னார்: "ஒரு பொட்டுச் சத்தம் வந்தாலும் வண்டியை நேரா இங்க கொண்டாங்க. நான் இருக்கேன்."

ஒயரிங் கிட், கம்பெனி ஸ்டீரியோவிலிருந்து சிக்னல் எடுக்க ஒரு ஹை-லோ கன்வெர்ட்டர், மாட்டுக்கூலி எல்லாம் சேர்த்து 38,500 ரூபாய். பில் கேட்டேன். பில் போட்டால் ஜிஎஸ்டி சேர்ந்து கூட ஆகும் என்று சொல்லி, எஸ்டிமேட் என்று தலைப்பு அடித்த ஒரு சீட்டில் எழுதிக் கொடுத்தார். யுபிஐ-யில் பணம் போனது கடை பெயருக்கு அல்ல, வேறு யாரோ ஒருவர் பெயருக்கு.

வண்டி தயார் என்று கூப்பிட்டார்கள். பாட்டைப் போட்டுக் காட்டினார். டிக்கியில் கை விட்டு ஆம்பில் ஒரு திருகு திருகினார். பின்கதவே அதிர்ந்தது. "எப்படி!" என்றார். இன்றைக்கு யோசித்தால் எல்லாம் புரிகிறது. இன்ஜினை ஸ்டார்ட் செய்யாமலே காட்டினார். எந்த நேரத்தில் குறை தெரியுமோ அந்த நேரம் வராமலே டெமோ முடிந்துவிட்டது.

வெளியே வந்து சாலைச் சந்தடி குறைந்ததும் தெரிந்தது. பாட்டு இல்லாத இடைவெளியில் 'ஙொய்ங்' என்று ஒரு சத்தம். ஆக்சிலரேட்டரை மிதித்தால் ஏறுகிறது, விட்டால் இறங்குகிறது. அதன் கீழே 'ம்ம்ம்' என்று ஓர் உறுமல் வேறு. ஸ்டீரியோவை ஆன் செய்தாலும் ஆஃப் செய்தாலும் பின்னால் 'டப்' என்று ஓர் அடி. அம்மா பின் சீட்டில் திடுக்கிட்டுத் திரும்பிப் பார்த்தார்.

அடுத்த நாளே போனேன். "புது ஸ்பீக்கருங்கண்ணா, ஓடி ஓடித்தான் செட் ஆகும்." புது ஸ்பீக்கரின் விளிம்பு நாள்பட நெகிழும் என்பது உண்மை. அதற்கும் ஆக்சிலரேட்டரோடு ஏறி இறங்குகிற சத்தத்துக்கும் என்ன சம்பந்தம்? கேட்டேன், பதில் இல்லை.

கொஞ்ச நாள் கழித்துப் போனால், "உங்க ஆல்டர்னேட்டர் போயிருக்கு, ஷோரூம்ல காட்டுங்க." ஆல்டர்னேட்டர்தான் வண்டிக்கு மின்சாரம் உண்டாக்கித் தருகிற பாகம். காட்டினேன். இன்ஜின் ஓடும்போது 14.2 வோல்ட், டயோடு சரி, ஆல்டர்னேட்டரில் ஒரு குறையும் இல்லை என்று எழுதிக் கொடுத்தார்கள். அந்தத் தாளைக் கொண்டுபோய் நீட்டினேன். படிக்கவே இல்லை. "அப்ப நாய்ஸ் ஃபில்டர் போட்டுறலாம், 1,800 ஆகும்."

38,500-க்கு மேல் 1,800. கொடுத்தேன், சத்தம் போனால் போதும் என்று இருந்தது. ஆம்புக்குப் பாட்டுச் சிக்னலைக் கொண்டுபோகிற ஆர்சிஏ ஒயரின் நடுவில் ஃபில்டரைச் சொருகினார்கள். 'ஙொய்ங்' பாதிக்கு மேல் குறைந்தது. கூடவே பேஸும் போய்விட்டது! இந்த மலிவு ஃபில்டருக்குள் இருப்பது ஒரு குட்டி டிரான்ஸ்ஃபார்மர். அவ்வளவு சின்ன கோர் கீழ்ச் சுரத்தைச் சரியாகக் கடத்தாது. எதற்காகச் சப்வூஃபர் வாங்கினேனோ அதையே வடிகட்டி எடுத்துவிட்டு அதற்கும் காசு வாங்கினார்கள். "பேஸ் கம்மியா இருக்கே" என்றதும் பையன் பேஸ் பூஸ்டைக் கடைசிவரை திருகிவிட்டான். அப்புறம் ஆம்பில் அடிக்கடி சிவப்பு விளக்கு எரிந்து தானாக நிற்க ஆரம்பித்தது.

அதற்குப் பிறகு ஃபோன் எடுப்பதே இல்லை. வாட்ஸ்அப்பில் சத்தத்தைப் பதிவு செய்து அனுப்பினால் நீல டிக் விழும், அதோடு சரி. நேரில் போனால் "ஓனர் வெளியூர்" என்பான் பையன். உள்ளே ஓனரின் குரல் கேட்கும். ஒருமுறை பிடித்து நிறுத்தியபோது, "எல்லா வண்டியிலயும் கொஞ்சம் இருக்குங்கண்ணா, பாட்டைச் சத்தமா வெச்சீங்கன்னா தெரியாது" என்றார். நெஞ்சில் கை வைத்துச் சொன்ன அதே ஆள்.

கடைசியில் வீட்டுப் பக்கத்தில் இருக்கும் ஓர் ஆட்டோ எலக்ட்ரீஷியனிடம் போனேன். வயதானவர், ஆடியோ வேலை அவருடைய தொழிலே இல்லை. "எனக்குத் தெரிஞ்சவரை பாக்கறேன் தம்பி" என்றார். முதலில் அந்த ஃபில்டரைக் கழற்றி என் கையில் கொடுத்தார். இன்ஜினை ஓடவிட்டு, ஆம்பிலிருந்து ஆர்சிஏ முள்ளைப் பிடுங்கினார். சத்தம் நின்றது. என் ஃபோனைச் சார்ஜர் இல்லாமல் நேராக ஆம்பில் இணைத்துப் பாட்டுப் போட்டார். சத்தம் இல்லை. திரும்ப ஆர்சிஏ-யைச் சொருகினார், 'ஙொய்ங்'. "ஆம்ப் மேல தப்பில்ல, முன்னாடி எர்த்தும் பின்னாடி எர்த்தும் ஒத்துப்போகல" என்றார். முன்னாடி என்றால் ஸ்டீரியோ, பின்னாடி என்றால் ஆம்ப். எர்த் என்பது மின்சாரம் திரும்பிப்போக ஒயரை வண்டியின் பாடியோடு சேர்க்கிற இடம். பிறகு மல்டிமீட்டரின் ஒரு முனையை ஆம்பின் எர்த்திலும் மறுமுனையை பேட்டரி நெகட்டிவிலும் வைத்தார். பாட்டு ஓடும்போது 1 வோல்ட்டுக்கு மேல் காட்டியது. அங்கே கிட்டத்தட்ட பூஜ்யம் இருக்க வேண்டும். ஆல்டர்னேட்டரின் மின்சாரத்தில் சிறு அலை எல்லா வண்டியிலும் இருக்கும். இன்ஜின் வேகத்தோடு அதன் சுதி ஏறும். இரண்டு எர்த்துக்கு நடுவே வித்தியாசம் வந்தால் அந்த அலை ஆர்சிஏ ஒயரின் வெளி உறை வழியாக ஓடிப் பாட்டோடு கலக்கிறது. எல்லா வண்டியிலும் அலை இருக்கும், ஒழுங்காகச் செய்த வேலையில் அது காதுக்கு வராது.

எர்த் எங்கே என்று தேடினார். நான் இதை எழுதும்போதுகூட உடம்பு கொதிக்கிறது. பின் சீட்டில் சீட் பெல்ட்டைப் பிடித்து நிற்கும் போல்ட் இருக்கிறதே, அதைத் தளர்த்தி, அதன் அடியில் ஒயரைச் சுற்றி வைத்திருந்தார்கள். பெயின்ட்கூடச் சுரண்டவில்லை, ஒயர் நுனியில் அடிக்கிற உலோக வளையம், அதாவது ரிங் லக், இல்லை. போல்ட்டைத் திரும்ப முழுசாக முறுக்கவும் இல்லை. என் அம்மா உட்காரும் பக்கம். பிரேக் போட்டால் ஓர் ஆளின் மொத்தப் பாரத்தையும் தாங்க வேண்டிய போல்ட் அது. ஒரு துளை போட்டுத் தனி போல்ட் வைக்கிற பத்து நிமிஷ வேலையை மிச்சம் பிடிக்க அதில் கை வைத்திருக்கிறார்கள்!

பானெட்டைத் திறந்தால் அடுத்தது. பேட்டரியிலிருந்து போகிற பாசிட்டிவ் ஒயரில் அந்தப் பக்கம் ஃபியூஸே கிடையாது. ஃபியூஸ் டிக்கியில், ஆம்புக்குப் பக்கத்தில் இருந்தது. அந்த ஃபியூஸ் காப்பாற்ற வேண்டியது ஒயரை. பேட்டரியிலிருந்து ஒன்றரை அடிக்குள் அது இருக்க வேண்டும். நடுவில் எங்காவது ஒயர் உரசி பாடியைத் தொட்டால், பின்னால் இருக்கிற ஃபியூஸ் சும்மா இருக்கும், வண்டி எரியும். இன்ஜின் அறையிலிருந்து உள்ளே வரும் துளையில் ரப்பர் வாஷர் இல்லாமல் தகரத்தின் விளிம்பில் ஒயர் உரசிக்கொண்டிருந்தது, தோல் தேய ஆரம்பித்திருந்தது. அந்த 'பியூர் காப்பர்' ஒயரின் ஒரு இழையைப் பெரியவர் பிளேடால் சுரண்டினார். உள்ளே வெள்ளை. செம்பு பூசிய அலுமினியம். அலுமினியம் கடத்துவது செம்பில் சுமார் 60 சதவீதம்தான். பவர் ஒயரும் ஆர்சிஏ-யும் ஒரே பக்கம் ஒன்றாகக் கட்டப்பட்டிருந்தன, இதையும் தனித்தனிப் பக்கமாகத்தான் கொண்டுபோக வேண்டும். ஆம்பில் கெயின் முழுசாக. கீழ்ச் சுரத்தை மட்டும் விட்டு மேலே இருப்பதை வெட்டுகிற எல்.பி.எஃப். ஸ்விட்ச், எதையும் வெட்டாத 'ஃபுல்'லில். சப்வூஃபருக்கு 80 ஹெர்ட்ஸ் பக்கம் வெட்டியிருந்தால் அந்த 'ஙொய்ங்' பெரும்பாலும் அதில் வந்தே இருக்காது. டெமோவில் என்னை அசத்தத் திருகிய அந்தத் திருகுதான் இரைச்சலையும் பெரிசாக்கிக் கொடுத்திருக்கிறது. கெயின் வால்யூம் கிடையாது, ஸ்டீரியோ தரும் சிக்னலுக்கு ஆம்பைப் பொருத்துகிற திருகு.

பெரியவர் வேறு இடத்தில் பெயின்ட்டைச் சுரண்டி, லக் அடித்து, தனி போல்ட்டில் எர்த் கொடுத்தார். ஆர்சிஏ-யை மறுபக்கம் மாற்றினார். பேட்டரி பக்கம் ஃபியூஸ் வைத்தார். சீட் பெல்ட் போல்ட்டைச் சரியாக முறுக்கினார். கெயினை இறக்கி ஸ்விட்ச்சை மாற்றினார். ஸ்டார்ட் செய்தால் அமைதி. ஆன் செய்யும்போது வரும் 'டப்' மட்டும் லேசாக இருக்கிறது, அது கன்வெர்ட்டரின் குறை என்றார். கூலி வாங்கவே தயங்கினார்.

இதையெல்லாம் ஃபோட்டோ எடுத்துக்கொண்டுதான் நேற்றுக் கடைக்குப் போனேன். ஆம்பின் பெட்டியில் 4,000 வாட் என்று போட்டிருக்கிறது, ஆம்பில் சொருகியிருப்பது 30 ஆம்பியர் ஃபியூஸ். 14 வோல்ட்டால் பெருக்கினால் 420 வாட். உள்ளே போவதே அவ்வளவுதான் என்றால் 4,000 எங்கிருந்து வெளியே வரும்? "பெட்டியில போட்டிருக்கறதுக்கு நான் என்னங்க பண்றது?" சீட் பெல்ட் போல்ட் ஃபோட்டோவைக் காட்டினேன். "வெளி ஆள் கை வெச்சுட்டாங்க, இனி வாரண்டி இல்ல." அதற்கப்புறம்தான் முதலில் எழுதிய அந்த வாக்கியம். 38,500 ரூபாய். ஃபில்டர் 1,800 தனி. அதையும் தரவில்லை.

விவரமாகச் சொல்கிறேன் என்று ஆரம்பித்தேன், இப்போது அதற்குப் பொறுமை இல்லை. முக்கியமானதை மட்டும் சொல்கிறேன். இன்ஜினை ஓடவிட்டு, பாட்டை நிறுத்தி, ஆக்சிலரேட்டரை மிதித்துக் கேட்காமல் வண்டியை எடுக்காதீர்கள். எர்த் எங்கே, ஃபியூஸ் எங்கே என்று கண்ணால் பார்த்து ஃபோட்டோ எடுங்கள். ஒயரைச் சுரண்டிக் காட்டச் சொல்லுங்கள். இரைச்சல் வந்தால் ஃபில்டர் விற்கத்தான் பார்ப்பார்கள், எர்த்தைப் பார்க்காமல் எதையும் வாங்க வேண்டாம். எஸ்டிமேட் சீட்டு பில் ஆகாது. என்னிடம் யுபிஐ பதிவும் வாட்ஸ்அப் பதிவும் இருக்கின்றன, அவற்றை வைத்து தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகார் கொடுக்கப் போகிறேன். அதில் நடக்கவில்லை என்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். 5 லட்சம் வரை மனுவுக்குக் கட்டணம் கிடையாது.

ஏற்கெனவே ஆம்ப் மாட்டியவர்கள் நாளைக்கு என்று தள்ளிப்போடாமல் இன்றைக்கே பின் சீட்டைத் தூக்கி பெல்ட் போல்ட்டைப் பாருங்கள். அதில் கறுப்பு ஒயர் ஏதாவது மாட்டியிருந்தால், அதை எடுத்து போல்ட்டை முறுக்கும்வரை அந்த இடத்தில் யாரையும் உட்கார வைக்காதீர்கள்.