அல்சூர் ஏரிக்கரையில் ஒரு குத்துச்சண்டைக் கூடம்: காலில் தொடங்கும் பயிற்சி

பெங்களூரில் குத்துச்சண்டை சொல்லித்தரும் இடங்களுக்கு இன்று பஞ்சமில்லை. இந்திராநகர், கோரமங்களா பக்கம் உள்ள பல உடற்பயிற்சி நிலையங்களிலேயே அதற்கென்று தனி வகுப்பு நடக்கிறது. நான் பார்த்த சில இடங்களில் முதல் நாளே கிளவுஸை மாட்டிவிட்டுத் தொங்கும் பையின் முன்னால் நிறுத்திவிடுகிறார்கள். நன்றாக வியர்க்கிறது, ஒரு மணி நேரம் போவதே தெரிவதில்லை. ஆனால் மாதக்கணக்கில் போய்வருபவருக்கும் குத்து தோளிலிருந்துதான் கிளம்புகிறது, கால்கள் அதை அறியாமல் நின்ற இடத்திலேயே நிற்கின்றன. அல்சூர் ஏரியை ஒட்டிய குறுகலான தெரு ஒன்றில், மாவு மில்லுக்கு மேல்மாடியில் நடக்கும் இந்தக் கூடத்தை நான் மனதாரப் பரிந்துரைப்பதற்கு முதல் காரணம், இங்கே கால் சரியாகும்வரை கையைப் பற்றிய பேச்சையே எடுப்பதில்லை என்பதுதான்.

நடத்துபவர் இந்திய ராணுவத்தின் பொறியியல் பிரிவுகளுள் ஒன்றான மெட்ராஸ் சாப்பர்ஸ் படைப்பிரிவில் பணியாற்றி ஓய்வு பெற்றவர். அந்தப் படைப்பிரிவின் தலைமையகம் ஏரிக்குப் பக்கத்திலேயே இருப்பதால், ஓய்வுக்குப் பிறகும் அல்சூரிலேயே தங்கிவிட்ட தமிழ்க் குடும்பங்கள் இங்கே நிறைய. அவர்களுள் இவரும் ஒருவர். வகுப்பு தமிழிலும் கன்னடத்திலும் கலந்து நடக்கிறது, எண்ணிக்கை மட்டும் படைப் பழக்கத்தில் இந்தியில் வருகிறது. எல்லோருக்கும் அவர் மாஸ்டர்தான்.

புதிதாகச் சேருபவருக்குத் தரையில் வரைந்த கட்டங்களில்தான் பாடம் தொடங்குகிறது. வலக்கைப் பழக்கமுள்ளவர் இடது காலை முன்வைத்து, வலது காலைத் தோள் அகலத்துக்குச் சற்றுக் கூடுதலாகப் பின்னால் வைத்து, முன்பாதத்தின் விரல்களைச் சற்றே உட்புறம் திருப்பி, பின்னங்குதிகாலைத் தரையிலிருந்து லேசாகத் தூக்கி நிற்க வேண்டும். இரண்டு பாதங்களும் ஒரே கோட்டில் வந்துவிட்டால் பக்கவாட்டில் ஒரு விரல் தள்ளினாலே உடல் சாய்ந்துவிடும் என்பதை மாஸ்டர் வாயால் சொல்வதில்லை, தள்ளியே காட்டிவிடுகிறார். பிறகு நகர்வு. முன்னே போக முன்னங்காலும், பின்னே வரப் பின்னங்காலும், இடப்பக்கம் போக இடது காலும், வலப்பக்கம் போக வலது காலும் முதலில் அசைய வேண்டும். அடுத்த கால் அதே அளவு தொடர வேண்டும். எந்த நிலையிலும் கால்கள் பின்னிக்கொள்ளவோ ஒட்டிக்கொள்ளவோ கூடாது. இரு கணுக்கால்களையும் ஒரு கயிற்றால் தளர்வாகக் கட்டிவிட்டு, கயிறு இறுகாமலும் தரையில் புரளாமலும் ரிங்கைச் சுற்றிவரச் சொல்கிறார். சிலம்பம் பழகியவர்களுக்கு இது வியப்பாக இருக்காது. கம்பை எடுப்பதற்கு முன் காலடிப் பாடம் என்பது அங்கே காலங்காலமாக இருந்துவரும் முறைதானே. உக்ரைன் வீரர் வாசில் லோமசென்கோ 2008, 2012 ஒலிம்பிக் போட்டிகளில் தங்கம் வென்றவர். அவருடைய தந்தையும் பயிற்சியாளருமானவர், மகனின் சிறு வயதில் குத்துச்சண்டையை நிறுத்திவைத்துவிட்டு நாட்டுப்புற நடனம் கற்க அனுப்பியதையும் இங்கே சேர்த்து நினைத்துக்கொள்ளலாம்.

இந்தக் கூடத்தின் உண்மையான மதிப்பு வலது நேர்குத்தை, அதாவது கிராஸைச் சொல்லித்தரும் விதத்தில் இருக்கிறது. கறுப்பு ரப்பர் விரிப்பின் மேல் மாணவரை நிறுத்தி, அவருடைய வலது ஷூவின் அடியில், விரல்களுக்குப் பின்னுள்ள சதைப்பகுதி படியும் இடத்தில் மட்டும், மாஸ்டர் சாக்குக்கட்டியைத் தேய்க்கிறார். மெதுவாக ஒரு குத்து விடச் சொல்லிவிட்டுக் குத்தைப் பார்க்காமல் குனிந்து விரிப்பைப் பார்க்கிறார். அந்தச் சதைப்பகுதியை ஊன்றிக் குதிகாலை வெளிப்புறமாகத் திருப்பியிருந்தால் விரிப்பில் விசிறி வடிவத்தில் ஒரு தடம் விழுகிறது. திருப்பாமல் கையை மட்டும் நீட்டியிருந்தால் வெறும் வட்டக் கறை. உடல் முன்னால் சரிந்து கால் இழுபட்டிருந்தால் நீளக் கோடு. அன்று ஒரு கல்லூரி மாணவருக்கு நீளக் கோடே மீண்டும் மீண்டும் விழுந்தபோது, மாஸ்டர் அவர் நெற்றியில் உள்ளங்கையை வைத்து, “தம்பி, தலை முன்னங்கால் முட்டியைத் தாண்டிப் போச்சுன்னா நீ அடிக்கப் போகலடா, விழப் போற. எதிராளி கீழேயிருந்து ஒரு அப்பர்கட் விட்டா போதும்” என்றார். அடுத்த குத்தில் தலை அந்தக் கையைத் தாண்டவில்லை, இடுப்பு திரும்பியது, விரிப்பில் விசிறி விழுந்தது. பையில் எழுந்த சத்தமும் மாறியிருந்தது.

எடை மாற்றம் என்றால் முன்னால் சாய்வது என்றே பலரும் எடுத்துக்கொள்கிறார்கள். உண்மையில் நடப்பது வேறு: பின்னங்கால் தரையை உந்துகிறது, அந்த உந்துதல் முட்டி வழியாக இடுப்பைத் திருப்புகிறது, இடுப்பு தோளைத் திருப்புகிறது, கடைசியாகத்தான் கை நீள்கிறது. உடல் தன் அச்சில் சுழல்வதால் எடை பின்னங்காலிலிருந்து முன்னங்காலுக்கு வந்து சேர்கிறது. 1985-இல் வெளியான சோவியத் ஆய்வு ஒன்று இதை அளந்தே காட்டியது: தேர்ந்த வீரர்களின் குத்து விசையில் ஏறத்தாழ 38 விழுக்காடு காலின் உந்துதலிலிருந்தும், ஏறக்குறைய அதே அளவு உடலின் திருப்பத்திலிருந்தும் வந்தது, கையின் பங்கு 24 விழுக்காடுதான். அனுபவம் குறைந்தவர்களிடம் காலின் பங்கு சுமார் 17 விழுக்காடாகவே இருந்தது. மாஸ்டர் இந்த எண்களைச் சொல்லவில்லை, அவருக்கு அவை தேவையுமில்லை; ஆனால் அவர் வகுப்பு நேரத்தைப் பங்கிடும் விதம் இந்தக் கணக்கோடு நன்றாகவே ஒத்துப்போகிறது.

ஜாபில், அதாவது முன்னால் இருக்கும் இடக்கையால் விடும் நேர்குத்தில், அவர் பார்ப்பது நேரப் பொருத்தத்தை மட்டுமே: பின்னங்கால் உந்த, முன்னங்கால் சில அங்குலம் முன்னேறித் தரையில் படும் கணமும் முஷ்டி படும் கணமும் ஒன்றாக இருக்க வேண்டும். கால் முன்னதாகவே ஊன்றிவிட்டால் உடல் கொண்டுவந்த வேகம் தரைக்குப் போய்விடுகிறது, கைக்கு மிஞ்சுவது ஒரு தட்டல்தான்.

இடது ஹூக்கை, அதாவது முழங்கையை மடக்கிப் பக்கவாட்டிலிருந்து வீசும் குத்தைப் பற்றிப் பயிற்சியாளர்களிடையே ஒத்த கருத்து கிடையாது. எடையை முன்னங்காலிலேயே வைத்துக்கொள்ளச் சொல்பவர்களும் உண்டு, முன்பாதத்தைத் திருப்பவே வேண்டாம் என்பவர்களும் உண்டு. இங்கே சொல்லித்தரும் முறையில், கிராஸ் முடிந்ததும் எடை இடது காலில் தேங்கியிருக்கிறது. அங்கிருந்து இடது குதிகாலை வெளியே திருப்பி, இடுப்பை வலப்புறம் சுழற்றி, எடையை மீண்டும் வலது காலுக்கு அனுப்பிக்கொண்டே ஹூக்கை விட வேண்டும். அப்படிச் செய்தால் அடுத்த வலது குத்துக்கு வேண்டிய எடை தானாகவே பின்னங்காலில் வந்து நிற்கிறது. நெருங்கி நின்று ஆடுபவர்களுக்கு இதுவே சிறந்த முறை என்பது என் கருத்து. ஜாப், கிராஸ், ஹூக் என்னும் வரிசையைப் பலரும் மனப்பாடமாக அடிக்கிறார்கள். ஒவ்வொரு குத்தும் அடுத்ததற்குக் காலைத் தயார் செய்து கொடுப்பதால்தான் அந்த வரிசை அப்படி அமைந்தது என்பதை இவ்வளவு பொறுமையாக விளக்கும் ஓர் இடத்தை இந்த ஊரில் நான் வேறெங்கும் பார்க்கவில்லை.

குறைகளும் இருக்கின்றன. சர்வதேசப் போட்டி ரிங் கயிறுகளுக்குள் பக்கத்துக்கு 6.10 மீட்டர் இருக்கும். இங்குள்ளது அதைவிடக் கண்கூடாகச் சிறியது. நகர்வுக்கு இத்தனை முக்கியத்துவம் தரும் கூடத்தில், பின்வாங்கி வட்டமடித்து வெளியேறும் பயிற்சிக்கு இடம் போதாமல் இருப்பது எனக்கு உண்மையிலேயே வருத்தம். ரப்பர் விரிப்புகள் சேரும் இடங்களில் விளிம்பு எழும்பியிருக்கிறது. பாதத்தை ஊன்றித் திருப்பும்போது ஷூ அதில் மாட்டினால் முட்டிதான் முறுக்கிக்கொள்ளும், ஆகவே இதை உடனே சரிசெய்தாக வேண்டும். பெண்களுக்கு உடை மாற்றத் தனி அறை இருந்தாலும் அதன் தாழ்ப்பாள் சரியாக விழுவதில்லை. மாலை வகுப்பில் பள்ளிப் பிள்ளைகள் கூட்டம் அதிகம், மாஸ்டரின் கண் எல்லோர் காலிலும் படுவதில்லை. போட்டிக்குப் போகும் எண்ணம் உள்ளவர்களுக்கு ஸ்பாரிங், அதாவது எதிராளியோடு பயிற்சிச் சண்டை போடும் வாய்ப்பும் குறைவு. அவர் ஒருவரை ஸ்பாரிங்குக்கு விடுவதற்கு நீண்ட காலம் எடுத்துக்கொள்கிறார். அந்த எச்சரிக்கையை நான் மதிக்கிறேன் என்றாலும், எதிரே ஓர் ஆள் நகரும்போதுதான் தூரக் கணிப்பு கைவரும் என்பதால், கட்டுப்பாட்டோடு கூடிய மெதுவான ஸ்பாரிங்கையாவது முன்கூட்டியே தொடங்கலாம்.

கட்டணம் பெரிய உடற்பயிற்சி நிலையங்களை ஒப்பிட மிகக் குறைவு, அதை மாதாமாதம் கட்டினால் போதும். கைக்கட்டுத் துணியும் கிளவுஸும் சொந்தமாக வைத்துக்கொள்வது நல்லது, அங்குள்ள பொது கிளவுஸ்கள் உள்ளே ஈரம் காயாமல் இருக்கின்றன. ஓட்டப்பயிற்சிக்கான ஷூவைத் தவிர்த்துவிடுங்கள். அதன் தடித்த மெத்தை குதிகாலை உயர்த்தி, தரையை உந்தும் உணர்வை மழுங்கடித்துவிடுகிறது, அகன்ற அடிப்பகுதி திரும்பவும் விடுவதில்லை. மெல்லிய தட்டையான அடிப்பகுதி உள்ள பாக்ஸிங் ஷூ வாங்க முடிந்தால் நன்று, முடியாவிட்டால் சாதாரண கான்வாஸ் ஷூ போதும். சேருவதானால் காலை ஆறு மணி வகுப்பில் சேருங்கள்; அதில் இடமில்லை என்று சொன்னால் மாலைக்கு மாறிக்கொள்ளாமல், பெயரைக் கொடுத்துவிட்டுக் காத்திருங்கள்.