தலைமுடியில் ஒட்டிய மெழுகு: ஐஸ் கட்டியா, வெந்நீரா, தேங்காய் எண்ணெயா?

ஈஸ்டருக்கு முந்தைய இரவு கோவிலில் நடக்கும் வழிபாடான பாஸ்கா திருவிழிப்பில் விளக்குகளை அணைத்துவிட்டு, ஒரு திரியிலிருந்து அடுத்த திரிக்கு நெருப்பைக் கைமாற்றும் நேரம். பின்னால் நின்றவரின் மெழுகுவர்த்தி சாய்ந்து, என் மகளின் விரித்துவிட்ட முடியில் உள்ளங்கை அகலத்துக்கு மெழுகு கொட்டிவிட்டது. வீடு வந்து சேர நள்ளிரவு தாண்டிவிட்டது. ஒன்பது வயதுப் பிள்ளை, "வெட்டிராதீங்கம்மா" என்று ஒரே அழுகை. அந்த இரவும் மறுநாள் காலையுமாக எல்லா வழியும் பார்த்தோம். முடிவில் கைகொடுத்தது தேங்காய் எண்ணெய்.

முதலில் ஐஸ். குளிரில் மெழுகு மொறுமொறுவென்று ஆகிவிடும், விரலால் நொறுக்கினால் உதிரும். ஐஸ் கட்டியை ஒரு பிளாஸ்டிக் பையில் போட்டு ஐந்து நிமிடம் பிடித்தேன். கட்டியாக நின்ற பெரிய துண்டுகள் நன்றாகவே வந்தன. ஆனால் மெழுகு சூடாக விழுந்தபோது ஒவ்வொரு முடியையும் சுற்றி மெல்லிய உறைபோலப் படிந்திருந்தது. அந்தப் படலத்திடம் ஐஸ் தோற்றது. நகத்தால் உருவப் போனால் முடிதான் அறுகிறது.

அடுத்து வெந்நீர். ஹேர் டிரையரும் இதே கணக்குதான். இங்கேதான் முழு விஷயமும் இருக்கிறது, அதனால் கொஞ்சம் விளக்கமாகவே சொல்கிறேன். கடையில் வாங்கும் மெழுகுவர்த்தி பெரும்பாலும் பாரஃபின். அது உருக ஏறக்குறைய 50 முதல் 60 டிகிரி சூடு வேண்டும். தேன்மெழுகுக்கு 62 டிகிரிக்கு மேல். நாம் சுகமாகக் குளிக்கிற வெந்நீர் 40 டிகிரி பக்கம்தான் இருக்கும். 60 டிகிரி தண்ணீர் சில நொடிகளிலேயே தோலைப் பொசுக்கிவிடும், பிள்ளைகளின் தோலை இன்னும் சீக்கிரம். அதாவது, மெழுகு உருகுகிற சூட்டைத் தலை தாங்காது. தலை தாங்குகிற சூட்டில் மெழுகு உருகாது. துணியில் கொட்டிய மெழுகுக்குக் காகிதம் வைத்து இஸ்திரி போடுவார்களே, அந்த யோசனையைத் தலைக்குக் கொண்டுவரவே வேண்டாம்.

எண்ணெய் இந்தச் சிக்கலைச் சுற்றிக்கொண்டு போகிறது. மெழுகு தண்ணீரோடு சேராது, எண்ணெயோடு சேரும். எண்ணெய் மெழுகுக்குள் ஊறி அதை இளக்கிவிடுவதால், உருகும் அளவுக்குச் சூடு தேவையில்லை. வெதுவெதுப்பு போதும். கையில் ஊற்றிப் பார்த்தால் சுடாத பதத்தில் எண்ணெயை எடுத்து, மெழுகு பட்ட இடத்தில் தாராளமாகத் தடவி, வெந்நீரில் பிழிந்த துண்டைச் சுற்றி இருபது நிமிடம் விட்டேன். பிறகு கொஞ்சம் கொஞ்சமாக முடியைப் பிரித்து, பழைய பருத்தித் துணியால் மேலிருந்து நுனிக்கு வழித்தேன். துணியில் வெள்ளை வெள்ளையாக வந்தது. மறுபடி எண்ணெய், மறுபடி துணி. மூன்று சுற்றுக்குப் பிறகு அகலப் பல் சீப்பு, நுனியிலிருந்து தொடங்கி மேலே. பேன் சீப்பை எடுத்தால் முடி கொத்தாக வந்துவிடும்.

கழுவுவதில் ஒரு விஷயம் முக்கியம். எண்ணெய்த் தலையில் நேரே தண்ணீர் ஊற்றக் கூடாது. வடிகஞ்சியில் கரைத்த சீயக்காயை, அல்லது ஷாம்புவை, காய்ந்த தலையிலேயே தேய்த்துவிட்டு அப்புறம்தான் வெதுவெதுப்பான தண்ணீர். பச்சைத் தண்ணீர் பட்டால் மிச்சமிருக்கும் மெழுகு மறுபடி இறுகிவிடும்.

பேபி ஆயிலையும் ஒரு கற்றையில் பார்த்தேன். பாரஃபினும் அதுவும் பெட்ரோலியத்திலிருந்து வருபவை என்பதாலோ என்னவோ, இன்னும் சீக்கிரம் இளகியது. ஆனால் அந்த வழவழப்புப் போக இரண்டு முறை அலச வேண்டியிருந்தது. ஒரே ஒரு தலையில் பார்த்ததை வைத்துச் சொல்கிறேன். சுருட்டை முடியிலும் சாயம் போட்ட முடியிலும் நான் செய்து பார்த்ததில்லை.

என் மாமியார் "கொஞ்சம் மண்ணெண்ணெய் தொட்டுத் தேய்மா" என்றார்கள். மெழுகு கரையும்தான். ஆனால் தோல் எரியும், நெருப்புப் பற்றும். பிள்ளை தலையில் வேண்டாம் அத்தை என்று சொல்லிவிட்டேன்.

பார்லர் வாக்ஸ் ஒட்டிக்கொண்டது என்றால் அது என்ன வகை என்று முதலில் பாருங்கள். சர்க்கரையும் எலுமிச்சையும் காய்ச்சியது வெந்நீரிலேயே கரைந்துவிடும். பிசின் கலந்தது என்றால் எண்ணெய்தான்.

வழித்த துணியைக் குப்பையில் போடுங்கள். அதைக் குளியலறையில் அலசினால் மெழுகு குழாய்க்குள் போய் இறுகி அடைத்துக்கொள்ளும். இந்த வருடத் திருவிழிப்புக்கு இரட்டைச் சடை பின்னி, மடித்துக் கட்டி, மேலே முக்காடும் போட்டுத்தான் அவளைக் கூட்டிப் போனேன்.