அவிலாவா, டொலேடோவா, லூகோவா? ஸ்பெயினின் மதில் நகரங்களில் எதற்குப் போகலாம்

மாட்ரிடில் நான்கைந்து நாள் தங்குபவர்கள், பக்கத்தில் பழைய ஊர் ஏதாவது பார்க்கலாமா என்று கேட்டால் டொலேடோ என்றுதான் பதில் வரும். தவறான பதில் இல்லை. ஆனால் கேட்டவர் மனதில் இருப்பது, முழுதாக நிற்கும் கோட்டை மதிலும் அதற்குள் ஒரு பேராலயமும் என்றால், டொலேடோவில் பாதிதான் கிடைக்கும். முழுதாகக் கிடைக்கும் ஊர் அவிலா. இன்னொன்று வடமேற்கு மூலையில், கலீசியாவில் இருக்கும் லூகோ. செகோவியாவை இந்தப் போட்டியில் சேர்க்கவில்லை. அதற்கும் மதில் உண்டு, பேராலயம் உண்டு, ஆனால் அங்கே போகிற யாரும் ரோமானியர் கட்டிய நீர்ப்பாலத்தைப் பார்க்கத்தான் போகிறார்கள். அது வேறு கணக்கு.

முதலில் மதில். டொலேடோவை மூன்று பக்கம் தாகோ ஆறு வளைத்து ஓடுகிறது. ஆழமான பள்ளத்தாக்கே அகழியாக இருக்கும்போது பெரிய மதில் எதற்கு? அதனால் ஆறு இல்லாத வடக்குப் பக்கத்தில்தான் வலுவான சுவரும் அழகான வாயில்களும் இருக்கின்றன. பிசாக்ரா வாயிலில் ஐந்தாம் சார்லஸ் பேரரசரின் இரட்டைத் தலைக் கழுகைச் செதுக்கியிருக்கிறார்கள், நின்று பார்க்க வேண்டியது. ஆனால் மதில் மேல் ஏறி ஊரைச் சுற்றி வரலாம் என்ற ஆசையோடு அங்கே போகாதீர்கள்.

அவிலா கதை வேறு. 1085இல் முஸ்லிம் ஆட்சியிலிருந்த டொலேடோ கிறிஸ்தவ அரசர் ஆறாம் அல்ஃபோன்சோ கைக்கு வந்ததும், அதற்கு வடக்கே பாழடைந்து கிடந்த எல்லை ஊர்களில் மக்களைக் குடியேற்றிக் காவல் போட வேண்டியிருந்தது. அவிலாவின் மதில் அந்தத் தேவையில் பிறந்தது. சுற்றளவு சுமார் 2.5 கி.மீ., உயரம் 12 மீட்டர் அளவு, கனம் 3 மீட்டர், 9 வாயில்கள், எண்பதுக்கும் மேற்பட்ட அரைவட்டக் கொத்தளங்கள். ஓரிடத்திலும் அறுபடாமல் நிற்கிறது. கிழக்குப் பக்கம் நிலம் சமதளம் என்பதால் எதிரி வரக்கூடிய திசை அதுதான், மதிலும் அங்கேதான் முரட்டுத்தனமாக இருக்கிறது. அந்தப் பக்கக் கற்களை உற்றுப் பாருங்கள். ரோமானியர் காலத்துக் கல்லறைக் கற்களையே எடுத்து வைத்துக் கட்டியிருக்கிறார்கள். கையில் கிடைத்த கல் எதையும் வீணாக்கவில்லை. டிக்கெட் வாங்கி மேலே நடக்கலாம், ஆனால் முழுச் சுற்றும் இல்லை. பேராலயம் வரும் இடத்தில் இறங்கி, மறுபக்கம் மறுபடி ஏற வேண்டும்.

ஏன் இறங்க வேண்டும் என்பதில்தான் அவிலாவின் சுவையே இருக்கிறது. இங்கே பேராலயத்தின் பின்புறம், அதாவது பீடம் இருக்கும் வளைந்த பகுதி, மதிலின் ஒரு கொத்தளமாகவே கட்டப்பட்டிருக்கிறது. வெளியே சாலையில் நின்று பார்த்தால் கோயில் என்று சொல்லவே முடியாது. வரிசை வரிசையாகக் காவல் முனைகள், சன்னல் என்று சொல்ல முடியாத துளைகள். உள்ளே போனால் அதே சுவருக்கு இந்தப் பக்கம், சிவப்பும் வெள்ளையும் கலந்து ரத்தம் தெறித்தது போன்ற கல்லில் எழுப்பிய தூண்கள். 12ஆம் நூற்றாண்டில் தொடங்கிய இதை ஸ்பெயினின் முதல் கோதிக் பேராலயங்களில் ஒன்றாகச் சொல்கிறார்கள். வழிபாடும் யுத்தமும் ஒரே சுவரைப் பகிர்ந்துகொள்வதை இவ்வளவு வெளிப்படையாக டொலேடோவிலோ லூகோவிலோ பார்க்க முடியாது. பீடத்தின் பின்னால் எல் தொஸ்தாதோ என்று பெயர் வாங்கிய 15ஆம் நூற்றாண்டு ஆயரின் கல்லறை இருக்கிறது. செத்த பிறகும் மனிதர் உட்கார்ந்து எழுதிக்கொண்டிருக்கிறார், வெண்சலவைக் கல்லில்.

ஆனால் பேராலயத்தின் உட்புறத்தை மட்டும் எடைபோட்டால் டொலேடோவுக்குப் பக்கத்தில் எதுவும் நிற்காது. இதை மறைத்து அவிலாவுக்கு ஆள் சேர்ப்பதில் அர்த்தமில்லை. 1226இல் தொடங்கி 1493இல் முடித்த கட்டடம், பழைய மசூதி இருந்த இடத்தில். பாடகர் குழு இருக்கைகளின் கீழ்வரிசையில், ஸ்பெயினின் கடைசி முஸ்லிம் அரசான கிரானடாவோடு நடந்த போரின் காட்சிகள் 54, மரத்தில். போர் நடந்துகொண்டிருந்த காலத்திலேயே செதுக்கத் தொடங்கிய வேலை, கிட்டத்தட்ட அந்தக் காலத்துச் செய்திப் படங்கள். பீடத்துக்குப் பின்னால் பகல் வெளிச்சம் விழட்டும் என்று 18ஆம் நூற்றாண்டில் நர்சீசோ தொமே கூரையையே வெட்டித் திறந்து, திறந்த இடத்தைச் சுற்றிச் சிற்பமும் ஓவியமுமாக நிரப்பிவிட்டார். சிலருக்கு அது உச்சம், எனக்குக் கொஞ்சம் திகட்டும். அப்புறம் திருப்பொருள் அறையில் எல் கிரேகோ வரைந்த 'எல் எஸ்போலியோ', இயேசுவின் ஆடையைக் களையும் காட்சி. அந்தச் சிவப்பு அங்கிக்காகவே டிக்கெட் காசு தகும். காசு குறைவில்லை, 10 யூரோவைத் தாண்டும். பேராலயத்துக்கு வெளியே சாந்தோ தொமே கோயிலில் அவருடைய 'ஓர்காஸ் பிரபுவின் அடக்கம்', இரண்டு பழைய யூத ஜெபக்கூடங்கள், 999ஆம் ஆண்டு கட்டிய ஒரு சிறு மசூதி. ஒரு நாள் போதாது.

லூகோவின் பேராலயத்தை நடுத்தரம் என்றுதான் சொல்வேன். 1129இல் தொடங்கிய, கோதிக்குக்கு முந்திய ரோமனெஸ்க் பாணி உடலுக்கு 18ஆம் நூற்றாண்டு முகப்பை ஒட்டவைத்திருக்கிறார்கள். நற்கருணையை (கிறிஸ்துவின் உடலாகக் கத்தோலிக்கர் வணங்கும் அப்பம்) இடைவிடாமல் எல்லார் பார்வைக்கும் வைத்திருக்கும் பழைய உரிமை அதற்கு உண்டு. கத்தோலிக்க வாசகர்களுக்கு அது பெரிய விஷயமாகவே இருக்கும். மற்றவர்களுக்கு லூகோ என்றால் மதில்தான். 3ஆம் நூற்றாண்டில் ரோமானியர் எழுப்பியது, 2 கி.மீ.க்குச் சற்று மேல், முழுச் சுற்றும் மேலே நடக்கலாம், காசு கிடையாது. அகலமும் தாராளம். ஊர்க்காரர்கள் காலையில் ஓடுவதும் மாலையில் காற்று வாங்குவதும் அதன் மேல்தான். சான்டியாகோ வாயில் பக்கம் வந்தால் பேராலய முகப்பு நேர் எதிரே. அவிலாவின் மதிலில் காணும் சித்திர அழகு இதில் இல்லை, பலகைக் கல் அடுக்கிய மொட்டை மதில். ஆனால் அவிலாவில் மதிலைப் போய்ப் பார்க்கிறோம், லூகோவில் அதன் மேல் ஊர் வாழ்கிறது.

போய்ச் சேர்வது எப்படி? டொலேடோவுக்கு மாட்ரிடின் அதோச்சா நிலையத்திலிருந்து அதிவேக ரயிலில் அரை மணி நேரம். வார இறுதி டிக்கெட்டை முன்கூட்டியே எடுத்துவிடுங்கள். அவிலாவுக்கு ஒன்றரை மணி நேரத்துக்குக் குறையாது, ஆனால் அது சலமான்கா என்ற இன்னொரு பழைய நகரத்துக்குப் போகும் வழியில் இருக்கிறது. இரண்டையும் சேர்த்தால் பயணம் வீணாகாது. லூகோ மாட்ரிடிலிருந்து போய்த் திரும்பும் ஊர் அல்ல. சான்டியாகோ தே கம்போஸ்தேலா போகிறவர்களுக்குத்தான் அது பொருந்தும், இடையில் ஏறக்குறைய 100 கி.மீ. சான்டியாகோவுக்கு நடந்தே போகும் யாத்திரிகர்களுக்குத் தரும் சான்றிதழுக்கு அந்த 100 கி.மீ.தான் குறைந்தபட்சம் என்பதால், லூகோவிலிருந்து நடக்கத் தொடங்குகிறவர்களும் நிறைய.

வயதானவர்கள் கூட வந்தால் டொலேடோ ஏற்றம் படுத்தும். வடக்குப் பக்கம் நகரும் படிக்கட்டுகள் இருக்கின்றன, மேலே போன பிறகும் கூழாங்கல் சந்துகள்தான். அவிலா இந்த விஷயத்தில் முன்னோடி. மாற்றுத்திறனாளிகளுக்கு வசதி செய்யும் நகரங்களுக்கு ஐரோப்பிய ஆணையம் தரும் விருது 2011இல் முதல்முறையாக அவிலாவுக்குத்தான் போனது. குளிர்தான் அங்கே சிக்கல். 1,100 மீட்டருக்கும் மேலே இருக்கிறது. ஆகஸ்டு இரவில்கூட ஒரு மேல்சட்டை கைவசம் இருக்கட்டும். அதே ஆகஸ்டு மதியம் டொலேடோவில் கல்லே சுடும். லூகோவுக்குக் குடை.

அவிலாவில் மதிலையும் பேராலயத்தையும் விட்டால் எல்லாம் தெரேசாதான். 1515இல் இங்கே பிறந்த துறவி. அன்னை தெரேசா பெயர் எடுத்தது இவரிடமிருந்து என்று பலர் நினைக்கிறார்கள். அது பிரான்சின் லிசியே நகரத்துத் தெரேசா. பிறந்த வீட்டின் மேல் எழுப்பிய கோயிலைவிட, மதிலுக்கு வெளியே அவர் பல ஆண்டுகள் வாழ்ந்த என்கர்னாசியோன் மடம் பார்க்க மேலானது. ஆற்றுக்கு அப்பால் குவாத்ரோ போஸ்தெஸ் என்ற மேட்டில் நின்றால் மதில் முழுதும் ஒரே பார்வைக்குள் அடங்கும். வேதசாட்சியாகச் சாக வேண்டும் என்று சின்ன வயதில் அண்ணனோடு வீட்டை விட்டு ஓடிய சிறுமி தெரேசாவைச் சித்தப்பா பிடித்தது இந்த இடத்தில் என்பது ஊர்ப் பேச்சு. இருட்டிய பிறகு விளக்கு போடும்போது போங்கள், அதற்காக ஒரு இரவு தங்கலாம்.

சாப்பாட்டில் சைவர்களுக்கு மூன்று ஊரும் சோதனைதான். அவிலாவின் பெருமை மாட்டிறைச்சி. பார்கோ என்ற ஊரின் பீன்ஸ் என்று ஆசையாகக் கேட்டால் உள்ளே பன்றித் தொத்திறைச்சி கிடக்கும், உருளைக்கிழங்கு மசியலின் மேலும் பன்றிக்கொழுப்பு வறுவல். 'யேமாஸ்' இனிப்பு முட்டை மஞ்சள் கரு. டொலேடோவில் வாதுமை மர்சிபான் இருக்கிறது, வாங்கும்போது முட்டை உண்டா என்று கேட்டுக்கொள்ளுங்கள். அசைவர்களுக்கு லூகோதான் சொர்க்கம். ஒரு கோப்பை ஒயின் சொன்னால் கூடவே ஒரு சின்னத் தட்டில் ஏதாவது கொறிக்க, தனிக் காசில்லாமல் வந்துவிடும். நாலு கடை ஏறி இறங்கினால் இரவுச் சாப்பாடு முடிந்தது.